பழைய மொபைல் ஹோமை வாங்கிப் புதுப்பித்து விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸிலும் வட கரோலினாவிலும் குடியேறியுள்ள நம்மவர்கள் சிலருக்கு இந்த ஆசை எழுகிறது. செங்கல் வீட்டை வாங்கிச் சீர்செய்து விற்கப் பெரிய முதல் வேண்டும். தொழிற்சாலையில் கட்டி லாரியில் இழுத்து வந்து நிறுத்தும் மொபைல் ஹோம், அதுவும் பழையது என்றால், ஓடிக் களைத்த ஒரு காரின் விலைக்கே கூடக் கிடைக்கிறது. விலை குறைவு என்பது உண்மைதான். வேலை சுலபம் என்பது உண்மையல்ல. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் டெக்சஸை மனதில் வைத்து எழுதியவை. மற்ற மாநிலங்களில் சட்டம் மாறும், தரைப்பலகை அழுகும் விதம் மாறாது.

மொபைல் ஹோம், மேனுஃபேக்சர்ட் ஹோம் இரண்டும் ஒன்றா?

பேச்சில் ஒன்று, சட்டத்தில் இரண்டு. அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையை எல்லோரும் ஹட் என்றே சொல்கிறார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஹட் வகுத்த கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. அந்தத் தேதிக்குப் பின் அந்த விதிகளின்படி தொழிற்சாலையில் கட்டியது மேனுஃபேக்சர்ட் ஹோம். அதற்கு முன் கட்டியது மொபைல் ஹோம். விற்பவரும் வாங்குபவரும் இரண்டையும் மொபைல் ஹோம் என்றுதான் சொல்வார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தால் கட்டி, லாரியில் இழுத்து வந்து, கான்கிரீட் கட்டைகளின் மேல் உட்கார வைத்த வீடு இது. ஒரே துண்டாக வந்தால் சிங்கிள் வைட். இரண்டு பாதிகளாக வந்து இடத்தில் இணைத்தால் டபுள் வைட். சுற்றுலாவுக்கு இழுத்துச் செல்லும் டிரெய்லர் வேறு சாதி. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்த டிரெய்லர்களில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுப் பிரச்சினை எழுந்தது. பின்னாளில் அரசு அவற்றை ஏலம் விட்டபோது, குடியிருக்கப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை ஒட்டியே விற்றது. அந்த வகை எதையாவது யாராவது மலிவாகக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போய்விடுங்கள்.

எந்த ஆண்டு வீட்டை வாங்கலாம்?

1976 ஜூனுக்கு முந்தையது வேண்டவே வேண்டாம். வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது, காப்பீடு கிடைப்பது கடினம், பல ஊர்களில் நகர்த்தவும் அனுமதி இல்லை. அலுமினிய மின்கம்பிகளும் கல்நார் கலந்த பொருட்களும் அந்தக் காலத்து வீடுகளில் இருக்க வாய்ப்பு அதிகம்.

1976க்கும் 1994க்கும் இடைப்பட்டவை நடுத்தரம். 1992இல் ஃபுளோரிடாவின் தென்பகுதியை ஆண்ட்ரூ புயல் துடைத்துப்போட்டது. மொபைல் ஹோம்கள் சிதறிய விதத்தைப் பார்த்த ஹட், 1994 ஜூலையில் காற்று தாங்கும் விதிகளைக் கடுமையாக்கியது. அதற்குப் பின் வந்த வீடுகளில் கட்டமைப்பு தெளிவாகவே மேல். முதன்முதலாக இறங்குபவர் 1995க்குப் பிந்தைய வீட்டைத் தேடுவது நல்லது. அதில் குழாய்ப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்; காரணம் கீழே வருகிறது.

1978க்கு முந்தைய வீட்டில் இன்னொரு சிக்கல்: ஈயம் கலந்த பெயின்ட் பற்றிய மத்திய விதிகள். விற்கும்போது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெயின்ட் பூசிய பரப்பைக் கிளறும் வேலையைச் சான்றிதழ் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது; விற்பதற்காக வீட்டைச் சீர்செய்பவருக்கும் அது பொருந்தும்.

சிவப்புத் தகடு என்கிறார்களே, அது என்ன?

ஹட் விதிப்படி கட்டியதற்கு அடையாளமாக வெளிச்சுவரில் அடித்திருக்கும் சிறிய அலுமினியத் தகடு. இழுவைக் கொக்கி இருந்த முனைக்கு எதிர்முனையில் தேடுங்கள். டபுள் வைட் என்றால் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று, ஆக இரண்டு. வீட்டுக்குள் ஒரு தரவுத் தாளும் ஒட்டியிருக்கும்: சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், மின்பெட்டி அருகில் அல்லது படுக்கையறை அலமாரிக்குள். தயாரித்த நிறுவனம், தேதி, வரிசை எண், எந்தக் காற்று மண்டலத்துக்கும் (புயல் காற்றின் வேகத்தை வைத்து ஹட் பிரித்த பகுதி) எவ்வளவு பனிப்பாரத்துக்கும் கட்டியது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

முன்பிருந்தவர் வெளிச்சுவருக்குப் புதிய வினைல் போர்த்தும்போது தகடு அதற்குள் மறைந்திருக்கலாம், பிடுங்கியும் எறிந்திருக்கலாம். ஹட் புதுத் தகடு தராது. ஆனால் ஐ.பி.டி.எஸ். என்ற அமைப்பு, பழைய பதிவேட்டைப் பார்த்து உறுதிக் கடிதம் தரும். அதற்கு வரிசை எண் தேவை. தாளும் இல்லையென்றால் இரும்புச் சட்டத்தின் முன் குறுக்குத் துண்டில் எண் பொறித்திருக்கும். துருவைச் சுரண்டிப் பாருங்கள். இந்தக் கடிதம் இல்லாமல் பல வங்கிகள் கோப்பையே திறக்காது. ஆகவே, விற்கும் நேரத்துக்கு விடாமல் வாங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

நீங்கள் சீர்செய்யும்போதும் தகட்டின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், தரவுத் தாள் ஒட்டியிருக்கும் அலமாரிக் கதவைக் குப்பையில் போடாதீர்கள். சமையலறையை அழகாக்கும் உற்சாகத்தில் பலர் செய்வது இதுதான்.

உரிமைப் பத்திரம் எப்படி? நிலத்துக்குப் பதிவு செய்வது போலவா?

இல்லை. இந்தத் தொழிலில் பணம் இழந்தவர்களில் பாதிப்பேர் இங்கேதான் இழந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அழுகிய தரையைப் பணம் கொடுத்து மாற்றலாம். பத்திரம் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நிலத்தோடு இணைக்காத மொபைல் ஹோம், சட்டத்தின் கண்ணில் காரைப் போன்ற அசையும் சொத்து. ஃபுளோரிடாவில் வாகனங்களுக்கு டைட்டில் என்ற உரிமைச் சான்று தரும் துறையே இதற்கும் தருகிறது. டபுள் வைட் என்றால் பாதிக்கு ஒன்றாக இரண்டு டைட்டில். கலிஃபோர்னியாவில் மாநில வீட்டுவசதித் துறை. டெக்சஸில் வீட்டுவசதி, சமூக விவகாரத் துறையின் மேனுஃபேக்சர்ட் ஹவுசிங் பிரிவு 'உரிமை அறிக்கை' என்ற ஆவணத்தைத் தருகிறது. அதில் யார் உரிமையாளர், எந்த வங்கிக்கு அடமானம், அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்றெல்லாம் குறித்திருக்கும்.

டெக்சஸில் அந்தத் துறையின் பதிவேட்டை வரிசை எண்ணையோ தகட்டு எண்ணையோ கொண்டு யாரும் தேடிப் பார்க்கலாம். உரிமையாளர் பெயர் மட்டுமல்ல, கட்டாத சொத்துவரிக்கு உள்ளூர் நிர்வாகம் வீட்டின் மேல் போட்ட பிடிமானமும் (லியன்) அங்கே தெரியும். வரிப்பாக்கி வீட்டைத் தொடர்ந்து வரும், பழைய உரிமையாளரைத் தொடர்ந்து போகாது. முன்பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

"வீட்டை ஒரு டாலருக்குத் தருகிறேன், அப்புறப்படுத்தினால் போதும்" என்று பார்க் மேலாளர் சொல்வது உண்டு. பார்க் என்பது மொபைல் ஹோம்களை நிறுத்த இடத்தை வாடகைக்கு விடும் குடியிருப்பு. குடியிருந்தவர் வாடகை கட்டாமல் போட்டுவிட்டுப் போன வீடாக இருக்கும். மேலாளர் சட்டப்படி நடவடிக்கை எடுத்து உரிமையைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தால் மட்டுமே அவரால் விற்க முடியும். விற்பனைச் சீட்டு ஒன்றைக் கையால் எழுதிக் கொடுத்தால் அது உரிமை ஆகாது. உரிமையாளர் இறந்துபோய் வாரிசுகள் விற்கும் வீடாக இருந்தால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். கலிஃபோர்னியாவில் இருக்கும் மூத்த மகனைத் தேடிப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

பார்க்கில் உள்ள வீட்டை வாங்கலாமா, நிலத்தோடு உள்ளதை வாங்கலாமா?

முதல் குறைவாக இருப்பவர்கள் பார்க்கில்தான் தொடங்குகிறார்கள். அங்கே வீடு உங்களுடையது, அதன் கீழுள்ள மண் பார்க் உரிமையாளருடையது. மாதாமாதம் இடவாடகை கட்ட வேண்டும். வீடு காலியாகக் கிடந்தாலும், நீங்கள் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தாலும், விற்காமல் நின்றாலும் வாடகை நிற்காது.

அதைவிட முக்கியம், பார்க் நிர்வாகத்தின் சம்மதம். உங்களிடமிருந்து வாங்குபவரை அவர்கள் விசாரித்து ஏற்றுக்கொள்ள வேண்டும்: வருமானம், கடன் வரலாறு, குற்றப் பின்னணி. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பார்க் என்றால் சின்னக் குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு விற்க முடியாது. சில பார்க்குகளில், கைமாறும்போது குறிப்பிட்ட ஆண்டுக்கு முந்தைய வீட்டை வெளியேற்ற வேண்டும் என்ற விதி இருக்கும். சில இடங்களில் மறுவிற்பனைக்காக வாங்குவதையே அனுமதிப்பதில்லை, வாங்கியவரே குடியிருக்க வேண்டும். எனவே விற்பவரோடு விலை பேசும் முன், பார்க் அலுவலகத்தில் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: நான் வாங்கி விற்கலாமா, வீடு இங்கேயே இருக்கலாமா, புது ஆளுக்கு இடவாடகை எவ்வளவு, வீட்டின் வெளிப்புறத்தில் எதையெல்லாம் சரிசெய்யச் சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பழைய குடியிருப்பாளருக்கு ஒரு வாடகை, புதியவருக்கு அதைவிடக் கூடுதல் என்று இருப்பது சாதாரணம். வாங்குபவர் வீட்டுத் தவணையையும் இடவாடகையையும் கூட்டித்தான் யோசிப்பார். இடவாடகை ஏற ஏற, அவர் உங்கள் வீட்டுக்குத் தரக்கூடிய விலை இறங்கும்.

நிலத்தோடு சேர்ந்த வீட்டில் இந்தத் தொல்லைகள் இல்லை. கழிவுநீர்த் தொட்டி, கிணறு, சாலை உரிமை என்று வேறு தொல்லைகள் உண்டு. ஆனால் விற்கும்போது வாங்குபவர்களின் வட்டம் மிகப் பெரிது. முதல் இருந்தால் என் கை நிலத்தின் பக்கமே போகும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது எங்கே முதலில் பார்ப்பது?

கீழே. உள்ளே போகும் முன் வீட்டின் கீழே.

வீட்டின் அடியை மறைத்துச் சுற்றிலும் உள்ள ஸ்கர்ட்டிங் பலகையில் ஒன்றைக் கழற்றி, டார்ச்சும் பழைய சட்டையுமாகத் தவழ்ந்து போங்கள். வீட்டின் அடியை ஒரு கறுப்பு உறை போர்த்தியிருக்கும். குளிர்காப்புப் பஞ்சு, தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய் எல்லாம் அதற்கு மேலே. உறை எங்காவது தொந்தி போல் தொங்குகிறதா? அதற்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம், எலியோ பெருச்சாளியோ குடித்தனம் நடத்தலாம். கிழிந்திருந்தால் கிழிசல் குளியலறைக்குக் கீழேயா என்று பாருங்கள். மண் ஈரமாக இருந்தால் மழையாலா, குழாய்க் கசிவாலா என்று கண்டுபிடிக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது இல்லாமல் மண்ணின் ஈரம் நேராக மேலே ஏறும்.

கட்டைகள் சாய்ந்திருக்கின்றனவா? டல்லாஸ் சுற்றுவட்டாரத்து மண் நம் கோவில்பட்டிக் கரிசலின் உடன்பிறப்பு: மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் நிற்கும் வீடு சில ஆண்டுகளில் சமம் இழப்பது இயல்பு. மீண்டும் மட்டம் பிடித்து ஆப்பு வைப்பது பெரிய செலவல்ல. ஆனால் இரும்புச் சட்டமே வளைந்திருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். டபுள் வைட் என்றால் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பெரிய காற்றுக் குழாய் கீழே ஓடும். அது கழன்று விழுந்து, ஏசி முழுவதும் பூனைகளுக்குக் குளிரூட்டிக்கொண்டிருக்கலாம்.

அதன் பிறகு உள்ளே. காலணியைக் கழற்றிவிட்டு, குதிகாலால் அழுத்தி அழுத்தி நடங்கள். கழிப்பறைப் பீங்கானைச் சுற்றி, குளியல் தொட்டியின் விளிம்பு, வாட்டர் ஹீட்டர் அறை, வெளிக்கதவின் உட்புறம், ஜன்னலுக்குக் கீழே. இந்த இடங்களில் தரை மெத்தென்று அமுங்கினால் பலகை போய்விட்டது. விற்பவர் அங்கே மட்டும் புது மிதியடி போட்டிருந்தால் அதைத் தூக்கிப் பாருங்கள்.

தரை அமுங்கினால் சரிசெய்வது எவ்வளவு கடினம்?

பழைய வீடுகளில் தரைப்பலகை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு. நனைந்தால் பிஸ்கட்டைப் போல் ஊதி உதிரும். காய வைத்தால் பழைய நிலைக்கு வராது. அதன் மேலே வினைல் போட்டு மூடுவதும், வேறு பலகையை ஒட்டுப் போடுவதும் ஏமாற்று வேலை.

கெட்ட பகுதியை, பலகையைத் தாங்கும் அடிச்சட்டத்தின் நடுவரை வெட்டி எடுத்து, அடிச்சட்டம் அழுகியிருந்தால் அதன் பக்கவாட்டில் புது மரத்தைச் சேர்த்து, அதே தடிமனுள்ள பிளைவுட்டைப் பசையும் திருகாணியும் போட்டுப் பதிக்க வேண்டும். அறையின் நடுவில் என்றால் ஒரு நாள் வேலை. சிக்கல் சுவர் ஓரத்தில் வரும். தொழிற்சாலையில் தரை முழுவதையும் முதலில் அடித்துவிட்டு அதன் மேல்தான் சுவர்களை நிறுத்துகிறார்கள். ஆகவே அழுகல் சுவருக்கு அடியில் போயிருந்தால் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாக மாற்ற வேண்டும். வெளிச்சுவர் ஓரத்தில் நீளமாக அமுங்கும் வீடு என்றால், அந்த வேலைக்கு நீங்கள் போட்ட மதிப்பீட்டை இரட்டிப்பாக்கிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் பலகையை மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

கூரை, குழாய்க் கசிவு, மட்டம், தரைப்பலகை, மின்சாரம், சுவர், அதற்குப் பின் தரைவிரிப்பும் அலங்காரமும். மட்டம் பிடிக்கும் முன் சுவர் இணைப்புகளைப் பூசினால், மட்டம் பிடித்த அன்றே விரிசல் விழும். அதுவரை சரியாக மூடிய கதவும் இழுக்கும்.

கூரையை மாற்ற வேண்டுமா, பூச்சு போதுமா?

தட்டையான தகரக் கூரை துருப்பிடித்து ஓட்டை விழாமல் இருந்தால், இணைப்புகளையும் குழாய் வெளிவரும் இடங்களையும் அடைத்து ரப்பர் போல் இழுபடும் வெள்ளை எலாஸ்டோமெரிக் பூச்சு இரண்டு கை போடலாம். டெக்சஸ் வெயிலில் அது உள்ளே வெப்பத்தையும் குறைக்கும். பூச்சுக்கு மேல் பூச்சாகப் பல அடுக்கு தடித்திருந்தால் யாரோ நெடுங்காலமாகக் கசிவைத் துரத்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஷிங்கிள் (தார் ஓடு) கூரையின் மேல் இன்னொரு அடுக்கு ஷிங்கிள் போடாதீர்கள். மெல்லிய கூரைச் சட்டங்கள் அந்தப் பாரத்துக்குக் கணக்கிட்டவை அல்ல.

சாம்பல் நிறக் குழாய் இருக்கிறது. விட்டுவிடலாமா?

அது பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக். 1978 முதல் 1995 வரை லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளில் போட்டார்கள். தண்ணீரில் உள்ள குளோரின் அதை உள்ளிருந்தே பதம்பார்க்கும். எச்சரிக்கை இல்லாமல் வெடிக்கும். 1995இல் நீதிமன்றத்தில் பெரிய தொகைக்குச் சமரசம் ஆன வழக்கு இது. காப்பீட்டு நிறுவனங்கள் இந்தக் குழாயைக் கண்டால் முகம் சுளிக்கும். முழுவதையும் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிடுங்கள். ஒரே தளம், கீழிருந்து அணுகலாம், சிங்கிள் வைட்டுக்கு அது பெரிய வேலையே அல்ல. விளம்பரத்தில் எழுதிக்கொள்ளவும் நல்ல வரி.

மின்வேலையை நானே செய்யலாமா?

விளக்கு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டு வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன்கள்கூட ஓரிடத்தில் தவறுவதுண்டு: மொபைல் ஹோமின் பிரதான துண்டிப்பு வெளியே உள்ள கம்பத்தில் இருக்கும். உள்ளே உள்ள பெட்டி துணைப்பெட்டிதான். ஆகவே அதில் நியூட்ரலும் எர்த்தும் பிரிந்தே இருக்க வேண்டும், வெளியிலிருந்து நான்கு கம்பிகள் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக முடிந்துவைத்தால் வீட்டின் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் ஓடும் அபாயம் உண்டு.

தண்ணீர் உறையாமல் இருக்கக் கீழே குழாயைச் சுற்றியுள்ள பழைய வெப்பநாடாவையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். பழைய நாடாவிலிருந்து தீப்பிடிப்பது இவ்வகை வீடுகளில் தெரிந்த கதை.

ஹோம் டிப்போ போன்ற வீட்டுப்பொருள் கடைகளில் கிடைக்கும் கதவு, ஹீட்டர், குளியல் தொட்டி பொருந்துமா?

எல்லாம் பொருந்தாது. பழைய வீடுகளின் வெளிக்கதவு 80 அங்குல உயரத்துக்குப் பதில் 76 அங்குலம், வெளிப்பக்கம் திறப்பது. குளியல் தொட்டி 60 அங்குலத்துக்குப் பதில் 54. சுவர்ச் சட்டம் மெலிந்திருப்பதால் கதவு நிலையின் அகலமும் வேறு. மொபைல் ஹோம் பொருட்கள் மட்டும் விற்கும் கடைகள் இருக்கின்றன. விலை சற்றுக் கூடுதல், ஆனால் சுவரை வெட்டிப் பெரிதாக்கும் செலவைவிடக் குறைவு. அளவெடுக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

வாட்டர் ஹீட்டரும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வேறு விஷயம். அளவு பொருந்தினாலும் மேனுஃபேக்சர்ட் ஹோமுக்கு அங்கீகரித்தது என்று அதன் தகட்டில் எழுதியிருக்க வேண்டும். எரிவாயு என்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுக்கும் மூடிய வகை வேண்டும். இது அழகு சார்ந்த விதி அல்ல. சிறிய, இறுக்கமான வீட்டில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

சுவரில் உள்ள நீளப் பட்டிகள் அசிங்கமாக இருக்கின்றன. என்ன செய்வது?

வினைல் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகைகளை நிறுத்தி, இணைப்பை மறைக்கப் பட்டி அடித்திருக்கிறார்கள். தாளை உரிக்க முயலாதீர்கள், பலகையும் சேர்ந்து வரும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, நன்றாகப் பிடிக்கும் பிரைமர் அடித்து, அதன் மேல் பெயின்ட். பட்டியை அப்படியே விட்டுச் சுவரின் நிறத்திலேயே பூசினால் கண்ணுக்கு உறுத்தாது. பட்டியைக் கழற்றி நாடாவும் பூச்சும் போட்டால் சாதாரண வீட்டுச் சுவர் போலவே இருக்கும். ஆனால் வீடு நகர்ந்தால் விரிசல் விழும். விலை குறைந்த சிங்கிள் வைட்டுக்கு முதல் வழி போதும்.

சமையலறைக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

நீங்கள் நினைப்பதில் பாதி. கிரானைட் வேண்டாம், தரையில் கனமான டைல் வேண்டாம். அலமாரிகள் உறுதியாக இருந்தால் பெயின்டும் புதுக் கைப்பிடியும், லாமினேட் மேசைப்பலகை, நல்ல குழாய், வெளிச்சமான விளக்கு. தண்ணீருக்கு அஞ்சாத வினைல் பலகைத் தரை வீடு முழுவதும் ஒரே நிறத்தில். வாங்க வரும் குடும்பம் மாத வருமானத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பம். அவர்களுக்குக் கல்மேடையைவிட ஒழுகாத கூரையும் ஓடும் ஏசியும் பெரிது.

நடுச்சுவரை இடித்து ஒரே கூடமாக்கலாமா?

டபுள் வைட்டின் இரண்டு பாதிகளும் சேரும் சுவரில் கை வைக்காதீர்கள். கூரையின் பாரம் அங்கே இறங்குகிறது. பின்கதவை அடைத்து அலமாரி வைப்பதும் கூடாது; ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு வெளிக்கதவுகள் இருக்க வேண்டும் என்பது ஹட் விதி. முன்னால் வராந்தா கட்டினால் அது தன் காலிலேயே நிற்க வேண்டும், வீட்டின் மேல் சாயக் கூடாது.

வேறு இடத்துக்கு இழுத்துச் சென்று விற்றால் லாபம் கூடுமா?

பெரும்பாலும் குறையும். இழுப்பது, அனுமதி, புதிய கட்டைகள், வீட்டைத் தரையோடு பிணைக்கும் நங்கூரம், மின் இணைப்பு எல்லாம் சேர்த்தால் பழைய சிங்கிள் வைட்டின் விலையையே தாண்டலாம். காற்று மண்டலமும் குறுக்கே நிற்கும்: டல்லாஸ் பக்கத்து மண்டலம் 1 வீட்டைக் கால்வெஸ்டன் போன்ற கடலோர மண்டலம் 2 மாவட்டத்தில் வைக்க அனுமதி கிடைக்காமல் போகலாம். அது மட்டுமல்ல, ஒருமுறை ஓரிடத்தில் நிறுத்திய வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால், பெரிய வீட்டுக்கடன் திட்டங்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

கற்பனைக் கணக்குதான். பார்க்கில் ஒரு சிங்கிள் வைட் 15,000 டாலர். பொருளும் கூலியும் 14,000. இடவாடகை மாதம் 600 என்று ஐந்து மாதத்துக்கு 3,000. காப்பீடு, மின்சாரம் 800. ஆவணச் செலவு 500. மொத்தம் 33,300. 42,000க்கு விற்றால் கையில் நிற்பது 8,700.

இப்போது குளியலறைச் சுவருக்கு அடியில் 4,000 டாலர் வேலை வெளிப்பட்டது, வீடும் விற்க இன்னும் மூன்று மாதம் ஆனது, அதற்கு வாடகை மட்டும் 1,800 என்று வையுங்கள். மிஞ்சுவது 2,900. அதற்கும் வரி உண்டு. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் லாபம் சாதாரண வருமானம். சுயதொழில் வரியும் சேரும். உங்கள் வார இறுதிகளுக்குக் கூலி போட்டால் கணக்கு எங்கே நிற்கும் என்று நீங்களே பாருங்கள். இந்தத் தொழிலில் லாபம் வாங்கும் விலையில்தான் இருக்கிறது. விற்கும் விலைக்கு ஒரு கூரை உண்டு, அதை உங்கள் வேலைப்பாடு பெரிதாக உயர்த்தாது.

வாங்குபவருக்குக் கடன் கிடைக்குமா?

விற்பனை விலையை முடிவு செய்வதே இதுதான். பார்க்கில் உள்ள வீட்டுக்கு அசையும் சொத்துக் கடன் மட்டுமே; வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு, கொடுக்கும் நிறுவனங்களும் கொஞ்சம். வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாதவே 2003இல் வாங்கிய கிளேட்டன் என்ற மேனுஃபேக்சர்ட் ஹோம் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் இதில் பெரியவை. மிகச் சிறிய தொகைக்குக் கடன் தர யாருக்கும் ஆர்வம் இல்லை. அதனால் மலிவான வீடுகள் ரொக்கத்துக்குத்தான் கைமாறுகின்றன.

நிலத்தோடு, நிரந்தர அடித்தளத்தின் மேல், அசையாச் சொத்தாகப் பதிந்த வீட்டுக்கு, வங்கி தரும் வீட்டுக்கடனுக்கு உறுதி நிற்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.எச்.ஏ.வின் கடன் உறுதி கிடைக்கும். அதற்கு ஹட் தகடும், அடித்தளத்துக்குப் பொறியாளரின் சான்றும் வேண்டும். வாங்கி விற்பவர்களுக்கென்று ஒரு தடையும் உண்டு: நீங்கள் வாங்கிய 90 நாட்களுக்குள் விற்பனை ஒப்பந்தம் போட்டால் எஃப்.எச்.ஏ. ஏற்காது. 91 முதல் 180 நாட்களுக்குள், வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல் விலை வைத்தால் இரண்டாவது மதிப்பீடு கேட்கும்.

அப்படியானால் நானே தவணையில் விற்கலாமா?

பலர் செய்கிறார்கள், பலர் சட்டம் தெரியாமல் செய்கிறார்கள். 2008 நெருக்கடிக்குப் பின் வந்த மத்தியச் சட்டங்களின்படி, குடியிருக்க வாங்குபவருக்குக் கடன் ஏற்பாடு செய்பவருக்கு உரிமம் வேண்டும். ஆண்டுக்கு ஒன்று, சில நிபந்தனைகளோடு மூன்று என்று சிறு விலக்குகள் உண்டு. மொபைல் ஹோமும் இதில் அடங்கும். மாநிலச் சட்டம் இன்னும் இறுக்கமாக இருக்கலாம். ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள். அதுபோல, தொடர்ந்து வாங்கி விற்பவருக்கு டீலர் உரிமம் கேட்கும் மாநிலங்கள் பல. டெக்சஸும் அதில் ஒன்று. முதல் வீட்டை வாங்கும் முன்பே துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய குறைகளை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். எங்கே தரை மாற்றினீர்கள், எந்தக் குழாய் மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை என்று புகைப்படங்களோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பின்னாளில் வழக்கு வந்தால் அது உங்களுக்குக் கேடயம். அதோடு, இவ்வீட்டை வாங்குபவர் தன் சேமிப்பு முழுவதையும் கொண்டுவந்து வைக்கிறார். அவரிடம் அழுகிய பலகையை வினைலால் மூடி விற்பவருக்கு வேறு பெயர் உண்டு.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். இதைச் செய்யலாமா?

சொத்து வாங்கி வைத்திருப்பதற்குத் தடை இல்லை. ஆனால் அந்த விசா உங்களை அழைத்த நிறுவனத்துக்காக மட்டும் வேலை செய்ய அனுமதிக்கிறது. சனிக்கிழமைதோறும் சுத்தியலும் கையுமாக நின்று, வாங்குபவர்களோடு பேரம் பேசி, ஆண்டுக்குச் சில வீடுகள் விற்றால் அது முதலீடு அல்ல, அனுமதியற்ற வேலை என்று அதிகாரி கருதக்கூடும். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அது இடிக்கும். "மனைவி பெயரில் செய்தால்?" என்பது அடுத்த கேள்வி. அவருக்கு வேலை அனுமதி அட்டை இருந்து, வேலையையும் அவரே செய்தால் நிலைமை வேறு. சார்பு விசாவில் அட்டை இல்லாமல் இருந்தால் அவருக்கும் இதே சிக்கல்தான். வரிக்கணக்கரிடம் போகும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துப் பேசிவிடுங்கள்.